போலி மருந்தும் மருந்துப்போலியும்

"போலி மருந்தா? எந்திரி, போவோம்" என்று சொல்லிக்கொண்டே அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

2023 மே மாதக் கடைசி, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி. எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருந்தால் அதிகம். மருந்து ஆராய்ச்சிப் பிரிவில் ஒருங்கிணைப்பாளர். கையில் 20 பக்கத்துக்கு மேல் தமிழில் அச்சடித்த ஒப்புதல் படிவம். அதை அவர் ரயில் வேகத்தில் வாசித்துக்கொண்டே போனார். ஏழாவது பக்கமோ எட்டாவது பக்கமோ, "மருந்துப்போலி" என்று ஒரு வார்த்தை வந்தது. அம்மா காதில் விழுந்தது "போலி" மட்டும்தான்.

மருந்துப்போலி என்றால் டம்மி மாத்திரை. நிறம், வடிவம், டப்பா எல்லாம் அசல் மாதிரியே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் "இவருக்குப் புது மருந்து, அதான் தெம்பா இருக்கார்" என்று மனசு தராசைச் சாய்த்துவிடும். போலி மருந்து என்பது வேறு, அது ரெய்டில் பிடிபடுகிற சரக்கு. இரண்டு சொல்லை முன்னே பின்னே மாற்றிப் போட்டதில் அர்த்தம் இப்படிக் குப்புற விழும் என்பது மொழிபெயர்த்தவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் எங்களுக்கு ஒரு அரை நாள் மிச்சம்.

நான் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். டாக்டருமில்லை, நர்ஸுமில்லை. அம்மாவின் மார்பகப் புற்றுநோய் பரவிய பிறகு வந்த இந்த இரண்டு மூன்று வருஷத்தில் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்ததிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம், வைகைக் கரையோரம். அம்மா கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி, அடுக்கி, கவுளி கட்டியே எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தவள். 2013இல் இடது மார்பில் கட்டி. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, அப்புறம் ஐந்து வருஷம் தமாக்சிஃபென் மாத்திரை. 2019இல் மாத்திரையை நிறுத்தச் சொன்ன அன்றைக்கு ஜெனகை மாரியம்மன் கோயிலில் மாவிளக்குப் போட்டோம். அத்தோடு அந்த ஃபைலைப் பரணில் போட்டாயிற்று.

2023 தைப்பொங்கல் கழிந்து அம்மாவுக்கு இடுப்பு வலி. கூடை தூக்கிய வலி என்று நல்லெண்ணெய் தேய்த்தோம். பிறகு தைலம். பிறகு எலும்பு வைத்தியர். பிறகு பக்கத்து டவுனில் ஒரு டாக்டர், ஊசி, வலி மாத்திரை. இப்படியே மூன்று மாசம் ஓடிவிட்டது. அந்த டாக்டரிடம் நாங்கள் பழைய நோயைப் பற்றி வாயே திறக்கவில்லை, பத்து வருஷம் ஆச்சே என்று. அவரும் கேட்கவில்லை. ஹார்மோனை நம்பி வளர்கிற வகைப் புற்றுநோய்க்குப் பத்து, பதினைந்து வருஷம் கழித்தும் திரும்பி வருகிற குணம் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாது. படுத்தாலும் குறையாத வலி, ராத்திரியில் எழுப்பிவிடுகிற வலி என்றால், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் பழைய ஃபைலைப் பரணிலிருந்து இறக்கிக்கொண்டு போய்விட வேண்டும். அந்த மூன்று மாசத்தை நினைத்தால் எனக்கு இன்னமும் அடிவயிறு கலங்கும்.

ஸ்கேன் எடுக்கக் கிடைத்த நாள், அழகர் ஆற்றில் இறங்கிய வாரம். கோரிப்பாளையம் பக்கமே பஸ் திரும்பவில்லை. ஊரே பச்சைப் பட்டா சிவப்புப் பட்டா என்று பேசிக்கொண்டிருக்க, கூட்டத்துக்குள் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தாள். ஸ்கேனில் இடுப்பு எலும்பு, இரண்டு விலா எலும்பு, கழுத்தில் ஒரு நெறிக்கட்டு. நாலாவது ஸ்டேஜ்.

டாக்டரம்மா முதலில் கேட்டது கழுத்துக் கட்டியிலிருந்து சதைப் பரிசோதனை. "பத்து வருஷத்துக்கு முன்னாடி எடுத்த ரிப்போர்ட்தான் இருக்கே, இன்னொரு தரம் எதுக்குக் குத்தணும்?" என்று என் தம்பி சண்டைக்கே போய்விட்டான். திரும்பி வந்த நோய் முதலில் இருந்த அதே ஜாதியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஈஆர், பிஆர் (ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்கிற ஏற்பிகள்), ஹெர்-2 (செல்லை வளரத் தூண்டுகிற ஒரு புரதம்) என்ற மூன்றும் மாறியிருக்கலாம். அது மாறினால் வைத்தியமே மாறும். அம்மாவுக்கு மாறவில்லை: ஹார்மோன் ஏற்பிகள் இருக்கின்றன, ஹெர்-2 இல்லை. மார்பகப் புற்றுநோயில் பத்துப் பேரில் ஏழு பேர் போல இந்த வகைதான். "அப்ப உடனே கீமோ வேண்டியதில்லை, மாத்திரையிலேயே ஆரம்பிப்போம்" என்றார். நாலாவது ஸ்டேஜுக்கு மாத்திரையா என்று நாங்கள் முழித்தோம். கல்லீரல், நுரையீரல் வேகமாகக் கெட்டுப்போகிற நிலைமை இல்லாவிட்டால் இந்த வகைக்கு ஹார்மோன் வழியில்தான் தொடங்குவார்களாம்.

அம்மாவுக்கு இதைப் புரியவைத்தது கொடிக்கால்தான். டாக்டரம்மா ஈஸ்ட்ரோஜன், ஏற்பி, என்சைம் என்று பேப்பரில் படம் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள். "இருங்கம்மா. கொடிக்குத் தண்ணி போகுது. ஒரு மாத்திரை மடையை அடைக்குது. இன்னொண்ணு கொழுந்தைக் கிள்ளி விடுது. அம்புட்டுத்தானே?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அம்புட்டுத்தான். மாதவிலக்கு நின்ற பிறகும் கொழுப்பிலும் மற்ற இடங்களிலும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் ஊறிக்கொண்டே இருக்கும். லெட்ரோசோல் அந்த மடையை அடைக்கிற மாத்திரை. பால்போசிக்ளிப் கொழுந்தைக் கிள்ளுகிற மருந்து, அதாவது செல் இரண்டாகப் பிரியாமல் நிறுத்துவது. பழைய தமாக்சிஃபென் ஏற்பியின் வாசலில் குந்திக்கொண்டு ஈஸ்ட்ரோஜனை உள்ளே விடாதது. ஃபுல்வெஸ்ட்ரன்ட் என்ற ஊசி இருக்கிறது, அது ஏற்பியையே அழிப்பது, வேரைப் பிடுங்குகிற மாதிரி.

அப்புறம்தான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள். "இம்புட்டு மருந்து இருக்கே, எல்லாத்தையும் ஒண்ணாக் குடுத்தா சீக்கிரம் காயாதா?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் பிள்ளை புத்தி, ஒன்றும் ஒன்றும் இரண்டு. அன்றைக்கு ராத்திரியிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

ஹார்மோனை நிறுத்தினால் இந்த நோய் அடங்கும் என்பது பழைய விஷயம். 1895இலேயே கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற டாக்டர், முற்றிய மார்பகப் புற்றுநோய் வந்த பெண்ணின் சினைப்பையை எடுத்துவிட்டுப் பார்த்திருக்கிறார், கட்டி சுருங்கியிருக்கிறது. ஹார்மோன் என்ற சொல்லே அப்போது புழக்கத்தில் இல்லை. தமாக்சிஃபென் 1962இல் கருத்தடை ஆராய்ச்சியில் பிறந்த மருந்து. அந்த வேலைக்கு உதவாமல் இங்கே வந்து லட்சக்கணக்கான பெண்களைக் காப்பாற்றியது. ஆனால் இரண்டு ஹார்மோன் மருந்தைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதில்தான் எனக்குத் தலை சுற்றியது.

ஏடாக் என்று ஒரு பெரிய ஆய்வு. 9366 பெண்கள், எல்லோரும் நோய் பரவாத ஆரம்ப நிலையினர். ஒரு பிரிவுக்கு அனஸ்ட்ரோசோல் (லெட்ரோசோல் மாதிரியே மடையை அடைக்கிற மாத்திரை), ஒரு பிரிவுக்குத் தமாக்சிஃபென், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் சேர்த்து. யாரைக் கேட்டாலும் மூன்றாவது பிரிவின் மேல்தான் பணம் கட்டியிருப்பார்கள். ஆனால் அனஸ்ட்ரோசோல் தனியாக முந்தியது. இரண்டும் சேர்ந்தது தமாக்சிஃபென்னைத் தாண்டவே இல்லை, அந்தப் பிரிவையே பிறகு மூடிவிட்டார்கள். வாசலில் குந்தியிருக்கிற தமாக்சிஃபென் தானே லேசாக ஈஸ்ட்ரோஜன் வேலையும் பார்க்கும். மடையை அடைத்துத் தண்ணீரே இல்லாத இடத்தில் அந்தக் கசிவு போதுமானதாகிவிடுகிறது என்பது அதற்குச் சொல்கிற காரணம்.

அதற்காகச் சேர்ப்பதே தப்பு என்றும் முடிவு கட்ட முடியவில்லை. நோய் பரவியவர்களிடம், அனஸ்ட்ரோசோலோடு ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசியைச் சேர்த்துப் பார்த்த ஒரு அமெரிக்க ஆய்வு 2012இல் வெளியானது. சுமார் 700 பேர். நோய் அடங்கியிருந்த காலம் தனியாக 13.5 மாதம், சேர்ந்து 15 மாதம். 2019இல் இறுதிக் கணக்குப் பார்த்தபோது உயிரோடிருந்த காலம் 42 மாதம், சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு 49.8. நல்லதுதானே? ஆனால் கிட்டத்தட்ட இதே சேர்க்கையை 514 பேரிடம் இன்னொரு ஆய்வில் பார்த்தபோது சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. அமெரிக்க ஆய்வில் முன்பு ஹார்மோன் மருந்தே சாப்பிடாதவர்கள் நிறைய, பலன் அவர்களுக்குத்தான் அதிகம். அம்மா ஐந்து வருஷம் தமாக்சிஃபென் சாப்பிட்டவள். ஆக, அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட இடமில்லை.

பால்போசிக்ளிப் கதை வேறு. லெட்ரோசோல் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 14.5 மாதம், இரண்டும் சாப்பிட்டவர்களுக்கு 24.8 மாதம் நோய் அடங்கியிருந்தது. 666 பெண்கள் கலந்துகொண்ட ஆய்வு. ஆனால் மொத்த ஆயுளில் பார்த்தால் பெரிய வித்தியாசத்தைக் காட்ட முடியவில்லை. அதன் உறவுக்கார மருந்தான ரைபோசிக்ளிப் அதையும் காட்டியது: 51.4 மாதத்துக்கு எதிராக 63.9 மாதம். "அப்ப எங்கம்மாவுக்கு ஏன் அதைக் கொடுக்கலை?" என்று நான் நோட்டைத் திறந்துகொண்டு கேட்டேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. ஈசிஜியை எடுத்துக் காட்டினார். ரைபோசிக்ளிப் இதயத் துடிப்பின் ஒரு இடைவெளியை நீட்டிவிடும். அம்மாவுக்கு அது ஏற்கெனவே நீண்டு கிடந்தது. "ஏன் இது, ஏன் அது இல்லை" என்று கேட்பதை எந்த நல்ல டாக்டரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்பது என் அனுபவம். வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு வீட்டுக்கு வந்து புலம்புவதுதான் ஆகாது.

இந்த எண்களைப் பற்றி ஒரு சங்கதி. 24.8 மாதம் என்றதும் என் தம்பி காலண்டரில் தேதி போட்டுவிட்டான். அவனுக்கு அம்மாதான் விளக்கினாள், விஷயம் தெரியாமலே. எங்கள் பக்கம் ஒரு கவுளி என்றால் நூறு வெற்றிலை. நூறையும் சிறிசு பெரிசு பார்த்து வரிசையாக அடுக்கி, நட்டநடுவில் இருக்கிற வெற்றிலையை உருவி எடுத்தால் அதுதான் அந்த எண். பாதி வெற்றிலை அதைவிடச் சிறிசு, பாதி பெரிசு. நம்ம வெற்றிலை எங்கே இருக்கிறது என்று அந்த எண் சொல்லாது.

இந்தச் சமயத்தில்தான் அந்த ஆராய்ச்சியில் சேர முடியுமா என்று கேட்டார்கள். வழக்கமான கூட்டு மருந்து, அதாவது லெட்ரோசோலும் பால்போசிக்ளிப்பும், எல்லோருக்கும் உண்டு. அதோடு மூன்றாவதாக ஒரு மாத்திரை, சிலருக்கு அசல், சிலருக்கு டம்மி. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குகிற மாதிரி தீர்மானிக்கும். டம்மி வந்தால் வைத்தியமே இல்லாமல் விட்டுவிடுவார்கள் என்றுதான் நாங்கள் பயந்தோம், மாமா ஒருவர் "நம்மளை எலியாக்கப் பாக்குறாய்ங்க" என்று வேறு ஏற்றிவிட்டார். டம்மி மூன்றாவது மாத்திரைக்கு மட்டும்தான், முதல் இரண்டும் உறுதி என்ற ஒரே வரி அந்த 20 பக்கத்துக்குள் எங்கேயோ புதைந்து கிடந்தது.

படிவத்தை அங்கேயே கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்று தெரிந்ததும் வீட்டுக்கு வாங்கி வந்தேன். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு ராத்திரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு. மொத்தம் பதினான்கு கோடு. அந்தப் பதினான்கையும் கேட்டோம். ஆராய்ச்சிக்காக எடுக்கிற டெஸ்டுக்குக் காசு யார் கொடுப்பது? பஸ் செலவு உண்டா? வழக்கத்தைவிட எத்தனை தடவை கூடுதலாக வர வேண்டும்? நடுவில் பிடிக்கவில்லை என்றால் விலகலாமா, விலகினால் இதே டாக்டரம்மா தொடர்ந்து பார்ப்பாரா? மருந்தால் ஏதாவது கெடுதல் வந்தால்? நம் நாட்டில் 2019இல் வந்த புதிய மருந்து மற்றும் ஆய்வு விதிகளின்படி, ஆராய்ச்சியால் பாதிப்பு வந்தால் வைத்தியம் இலவசம், நஷ்டஈட்டுக்கும் வழி உண்டு. விலகுவது எப்போது வேண்டுமானாலும் நம் உரிமை. படிவத்தின் கடைசியில் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்க வேண்டும், இருந்தது. இன்னொன்று, நம் நாட்டில் நடக்கிற மருந்து ஆய்வுகளை முன்கூட்டியே பதிவு செய்ய சிடிஆர்ஐ என்ற பொதுப் பதிவேடு 2007இலிருந்து இருக்கிறது. ஆய்வின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, காசில்லாமல் யாரும் அதில் பார்த்துக்கொள்ளலாம். எண்ணைக் கேட்டதும் அந்த ஒருங்கிணைப்பாளர் பெண் முகமே மலர்ந்துவிட்டது. "இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லக்கா" என்றார்.

அம்மா சேரத் தயாராகிவிட்டாள். காரணத்தை அவளே சொன்னாள்: "எனக்குத் தமாக்சிஃபென் கிடைச்சது, எவளோ ஒருத்தி முன்னாடி தின்னு பாத்ததாலதானே." ஒன்பதாயிரம் பேர், எழுநூறு பேர் என்று நான் வாசித்துக்கொண்டிருந்ததை இவள் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

கையெழுத்துப் போட்டு, ரத்தம் எடுத்து, ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் ஆன பிறகு போன் வந்தது. தகுதி இல்லை. சுகர். அவர்கள் வைத்த வரம்பைவிட அம்மாவின் மூன்று மாத சராசரி சர்க்கரை அதிகம். அந்த மூன்றாவது மாத்திரை தடுக்கிற பாதையும் உடம்பில் இன்சுலின் வேலை செய்கிற பாதையும் ஒன்று, அதனால் அது சர்க்கரையை எகிற வைக்கும். நியாயமான காரணம்தான். ஆனாலும் பரீட்சையில் ஃபெயிலான பிள்ளை மாதிரி அம்மா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. ஆராய்ச்சியில் சேர ஒத்துக்கொள்வது வேறு, சேர்த்துக்கொள்ளப்படுவது வேறு. இதை முதல் நாளே வீட்டில் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

ஜூனில் வழக்கமான கூட்டு மருந்து ஆரம்பம். நல்ல வேளையாக அந்த வருஷம் ஜனவரியில்தான் பால்போசிக்ளிப்பின் காப்புரிமை இந்தியாவில் முடிந்திருந்தது. பல கம்பெனிகள் போட்டி போட்டுத் தயாரித்ததில் விலை எங்கள் கைக்கு எட்டுகிற அளவுக்கு இறங்கியிருந்தது. ஒரு வருஷம் முன்னால் என்றால் கொடிக்காலை விற்றிருப்போம்.

இரண்டு மாத்திரைக்கும் இரண்டு காலண்டர். லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம், தினமும், லீவே கிடையாது. பால்போசிக்ளிப் 125 மில்லிகிராம், 21 நாள் சாப்பிட்டு 7 நாள் ஓய்வு, வெறும் வயிற்றில் இல்லாமல் சாப்பாட்டோடு. அம்மா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் 28 புளியங்கொட்டை போட்டு வைத்தாள். தினம் காலையில் ஒன்றை எடுத்துப் பக்கத்துக் கிண்ணத்தில் போடுவது. ஏழு கொட்டை மிச்சம் என்றால் ஓய்வு வாரம். என் மொபைல் அலாரத்தைவிட இது உருப்படியான ஏற்பாடு என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் மாசம் மாத்திரைக் கணக்குப் பார்த்தபோது இடித்தது. லெட்ரோசோல் ஏழு மாத்திரை கூடுதலாக இருந்தது. "ஓய்வு வாரம்னா ரெண்டுக்கும்தானே ஓய்வு?" என்றாள் அம்மா. அட்டையில் எழுதியிருந்தது, நான் சொல்லியும் இருந்தேன், ஆனால் பாட்டில் ஒன்றுதானே இருந்தது. அன்றைக்கே இன்னொரு பாட்டில் வாங்கி, லெட்ரோசோலுக்குத் தனியாகப் புளியங்கொட்டை. டாக்டரம்மாவிடம் மறைக்காமல் சொன்னோம். இது நிறைய வீட்டில் நடக்கிறது என்றார். மறந்துபோன அல்லது வாந்தியெடுத்த பால்போசிக்ளிப்புக்கு அன்றைக்கே இன்னொன்று போட வேண்டாம், மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் போட்டால் போதும் என்பதையும் அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

ரத்தப் பரிசோதனை முதல் இரண்டு சுற்றுக்கு ஆரம்பத்திலும் பதினைந்தாம் நாளிலும், அப்புறம் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும். பால்போசிக்ளிப் வெள்ளை அணுக்களை இறக்கிவிடும். அதிலும் நியூட்ரோஃபில் என்ற வகையை. இரண்டாவது சுற்றுத் தொடங்கும் நாளில் அம்மாவுக்கு அது 1000க்குக் கீழே. ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள். மூன்றாவதிலும் அதே கதை, மருந்தை 125இலிருந்து 100 ஆக்கினார்கள். டோஸைக் குறைத்ததும் சொந்தக்காரர்களுக்குப் பதற்றம் வந்துவிட்டது. ஒருத்தி பப்பாளி இலைச் சாறு கொண்டு வந்தாள், ஒருத்தர் லேகியம். கீமோவில் போல இதில் அணுக்கள் செத்துப் போவதில்லை, பிரியாமல் நிற்கின்றன, ஓய்வு வாரத்தில் மீண்டுவிடும், டோஸ் குறைவது தோல்வி இல்லை என்று டாக்டரம்மா சொன்னதை நான் ஒரு பத்துப் பேருக்காவது ஒப்பித்திருப்பேன். லேகியத்தைப் பரணுக்கு அனுப்பினோம். பம்ப்ளிமாஸ் பழமும் வேண்டாம் என்றார்கள், அந்த இனத்துப் பழங்கள் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடுமாம். காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் உள்ளூர் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு படுக்காமல் நேரே வரச் சொன்னார்கள். உள்ளூரில் எழுதித் தருகிற சில ஆன்டிபயாடிக், பூஞ்சை மாத்திரைகளும் இதோடு சேராது. அதனால் மருந்துச் சீட்டை லேமினேட் செய்து அம்மாவின் சுருக்குப் பையிலேயே போட்டுவிட்டேன், வெற்றிலையோடும் பாக்கோடும்.

வெற்றிலை என்றதும் பல் ஞாபகம் வருகிறது. எலும்பில் பரவியவர்களுக்கு சோலெட்ரானிக் ஆசிட் என்று ஒரு மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள், எலும்பு அரிப்பதைத் தடுக்க. அதற்கு முன்னால் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். அது சும்மா சம்பிரதாயம் என்று நினைத்துத் தட்டிக் கழிக்கப் பார்த்தேன். அம்மாவுக்கோ நாற்பது வருஷ வெற்றிலை வாய், பின்பக்கம் இரண்டு பல் ஆடிக்கொண்டிருந்தது. இந்த மருந்து ஏறின பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப் போகிற ஆபத்து உண்டு. முதலில் பல்லைப் பிடுங்கி, ஈறு ஆறிய பிறகே ஊசி. வெற்றிலை போடாதே என்று சொன்னபோது அம்மா டாக்டரம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கடைசியில் புகையிலை மட்டும் நின்றது. நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

லெட்ரோசோலில் எங்களைப் படுத்தியது விரல்கள்தான். காலையில் எழுந்தால் கை மடங்காது. அம்மா வெற்றிலை அடுக்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இடது உள்ளங்கையில் காம்பு எல்லாம் ஒரே பக்கம் வர, வலது கட்டைவிரல் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகும், வாய் எண்ணாது, விரல்தான் எண்ணும். அந்தக் கட்டைவிரல் நின்றுவிட்டது. ஒரு கவுளி கட்ட அரை மணி நேரம் ஆயிற்று, அதிலும் தொண்ணூற்றேழு, நூற்றி மூன்று என்று தப்பு வந்தது. வெந்நீரில் கையை வைத்து எடுத்தது, சாயங்காலம் ஆற்றுப் பக்கம் நடந்தது எல்லாம் கொஞ்சம் கை கொடுத்தன. வலியைச் சொல்லாமல் மாத்திரையை ரகசியமாக நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். அம்மாவும் அந்த யோசனையில்தான் இருந்தாள், நல்ல வேளை மாத்திரைக் கணக்கு என்னிடம் இருந்தது.

இருபது மாதம் ஓடியது. இடுப்பு வலி போய், அம்மா தனியாக பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்து போகிற அளவுக்கு ஆனாள். 2025 பிப்ரவரி ஸ்கேனில் விலா எலும்பில் புதிதாக ஒரு புள்ளி. நடு வெற்றிலைக்குக் கொஞ்சம் முன்னாலேயே எங்கள் வெற்றிலை. தம்பி காலண்டரைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான்.

இப்போது ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசி. மரபணுப் பரிசோதனையும் செய்து பார்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தால் சேர்த்துத் தருகிற மாத்திரை ஒன்று இருக்கிறது, அம்மாவுக்கு அந்த மாற்றம் இல்லை. "இந்தத் தடவை ஒத்தை மருந்துதானா?" என்று அம்மா ஏமாற்றமாகக் கேட்டாள். ஏடாக் கதையை அவளுக்கு மறுபடியும் சொன்னேன்.

முதல் நாள், பதினைந்தாம் நாள், இருபத்தொன்பதாம் நாள், அப்புறம் மாசம் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு ஊசி, பின்பக்கம் இரண்டு புறமும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டிய மருந்து. முதல் தடவை முந்தின நாளே வாங்கி ஊருக்குக் கொண்டு போனோம். தம்பி நல்ல எண்ணத்தில் அதை ஃப்ரீசரில் வைத்துவிட்டான், "நல்லா குளிரட்டும்னுதான்" என்று. மருந்துக் கடைக்காரர் அதைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பணம் போனது போனதுதான். இப்போதெல்லாம் போடுகிற அன்றைக்கே ஐஸ் பெட்டியோடு வாங்குகிறோம். போடுவதற்கு முன்னால் சற்று நேரம் வெளியே வைத்து அறையின் சூட்டுக்கு வந்த பிறகே போடுகிறார்கள். உள்ளே விளக்கெண்ணெய் கலந்திருக்கிறது, குளிர்ச்சியோடு ஏற்றினால் இன்னும் கெட்டியாக இறங்கும். இது தெரிந்ததிலிருந்து அம்மா எல்லோரிடமும் "எனக்கு வெளக்கெண்ணெ வைத்தியம்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

ஒவ்வொரு ஊசியும் ஒன்று, இரண்டு நிமிஷம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். முதல் மாசம் வேறு ஒரு இடத்தில் அவசரமாகப் போட்டதில் நாலு நாள் உட்கார முடியவில்லை. இப்போது போடுகிற சிஸ்டர் பொறுமைக்காரர். போன மாசம் அம்மா சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைமாட்டில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு நான். ஊசி உள்ளே போனதும் அம்மாவின் வலது கட்டைவிரல் ஆட்காட்டி விரலின் மேல் நகர ஆரம்பித்தது, மெதுவாக, ஒவ்வொன்றாக, கண்ணுக்குத் தெரியாத வெற்றிலையைத் தள்ளுகிற மாதிரி. சிஸ்டர் ஊசியை உருவினார். அம்மா மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். மறுபடியும் விரல். அதுவும் முடிந்து பஞ்சை அழுத்திக்கொண்டே எழுந்து உட்கார்ந்தபோது சொன்னாள்:

"ரெண்டு கவுளி ஆச்சு சிஸ்டர். அடுத்தது எந்தத் தேதி?"